முனைவர் பட்டம்: இன்னொரு படிப்பா, முதல் வேலையா?

தீபாவளி விருந்துக்கு வந்திருக்கும் மாமா, முறுக்கைக் கையில் எடுத்தபடியே கேட்பார்: “ஏன் தம்பி, டிகிரிதான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன படிப்பு? எப்ப வேலைக்குப் போகப் போற?” பொறியியல் பட்டம் பெற்ற பிறகு பொருளறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளை பதில் சொல்லத் தெரியாமல் சிரிப்பான். அம்மா அடுப்படியிலிருந்து, “அவனுக்கு மாசாமாசம் காசு வருதுண்ணே” என்று எட்டிப் பார்த்துச் சொல்வார். மாமாவுக்கு அது இன்னும் பெரிய குழப்பம். படிக்கிறவனுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

நம் குடும்பங்களில் மருத்துவம், சட்டம், கணக்கியல் போன்ற துறைகளின் பாதை எல்லாருக்கும் தெரியும். எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, பிறகு என்ன வேலை என்று பக்கத்து வீட்டாரே சொல்லிவிடுவார்கள். ஆய்வுத் துறையின் பாதை அப்படியல்ல. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதனால் ஒரு பக்கம் தகுதியுள்ள பிள்ளைகள் தயங்கி ஒதுங்கிவிடுகிறார்கள். மறுபக்கம் விவரம் அறியாமல் சேர்ந்துவிட்டு நடுவழியில் திண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் தவிர்க்க, முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

பொருளறிவியல் என்றால் என்ன?

வீட்டுச் சமையலறையிலேயே தொடங்கலாம். இரும்பு தோசைக்கல்லுக்கும் ஒட்டாத தோசைக்கல்லுக்கும் உள்ள வேறுபாடு மேற்பூச்சில் இருக்கிறது. கைத்தொலைபேசியின் மின்கலம் ஏன் இரண்டு ஆண்டில் சோர்ந்துவிடுகிறது, விமான இயந்திரத்தின் தகடுகள் அவ்வளவு வெப்பத்தில் ஏன் உருகுவதில்லை, இதயக் குழாயில் வைக்கும் சிறு வலைக்குழல் உடலோடு எப்படி ஒத்துப்போகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தேடுவது பொருளறிவியல். ஒரு பொருளின் உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அறிந்து, வேண்டிய குணம் வரும்படி அதை மாற்றி அமைப்பதே இத்துறையின் வேலை.

இது நமக்கு அந்நியமான துறையும் அல்ல. தென்னிந்தியாவில் மண் குகைகளில் உருக்கிச் செய்யப்பட்ட எஃகு, ஐரோப்பியரால் ‘வூட்ஸ்’ என்று அழைக்கப்பட்டது. அதன் இரகசியத்தை அறிய 1819, 1820ஆம் ஆண்டுகளில் இலண்டனில் முயன்றவர்களில் ஒருவர் மைக்கல் ஃபாரடே. மின்சார ஆய்வுகளால் உலகப் புகழ் பெறுவதற்கு முன், இருபதுகளின் இறுதியில், ஆய்வக உதவியாளராக இருந்த காலத்தில் அவர் செய்த வேலை அது. இன்றைய பேச்சில் சொன்னால், ‘தொடக்கநிலை ஆய்வாளர்’.

பணம் கொடுத்துப் படிப்பதா, பணம் வாங்கிப் படிப்பதா?

மாமாவின் குழப்பத்துக்கு விடை இங்கே இருக்கிறது. பொறியியல், பொருளறிவியல் துறைகளில் முழுநேர முனைவர் பட்ட மாணவர்கள் பெரும்பாலும் உபகாரச் சம்பளத்தில்தான் சேர்கிறார்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகமோ அரசாங்க அமைப்போ ஏற்றுக்கொள்ளும். மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. காரணம் எளிது. அவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பது முதல் ஓராண்டில் சில பாடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்த வேலை இல்லாமல் பேராசிரியரின் ஆய்வுத் திட்டம் நகராது. எனவே இதைப் படிப்பு என்பதைவிடத் தொழில் பழகும் காலம் என்பதே பொருத்தம். பழைய காலத்தில் பொற்கொல்லரிடம் சேர்ந்து கைத்திறன் கற்பார்களே, அதற்கு நெருக்கமான ஏற்பாடு.

சிங்கப்பூரில் எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். வெளிநாட்டு மாணவர்களுக்கான சிங்கப்பூர் அனைத்துலகப் பட்டமேற்படிப்பு விருது, சுருக்கமாக ‘சிங்கா’, ஏ*ஸ்டார் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பும் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வழங்குவது. 2024ஆம் ஆண்டு நிலவரப்படி இதில் நான்கு ஆண்டுகள் வரை கட்டணம் முழுதும் ஏற்கப்படுகிறது. மாதம் 2,700 வெள்ளி உதவித்தொகை. தகுதித் தேர்வில் தேறிய பின் 3,200 வெள்ளி. மலேசிய மாணவர்களும் இந்திய, இலங்கை மாணவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தரும் ஆய்வு உபகாரச் சம்பளம் பொதுவாக இதைவிடக் கூடுதல். ஏ*ஸ்டார் குடிமக்களுக்கென வழங்கும் தேசிய அறிவியல் உபகாரச் சம்பளம் போன்றவற்றில் சேவைப் பிணைப்பு உண்டு. கையெழுத்திடுவதற்கு முன் பிணைப்பு எத்தனை ஆண்டு, முறித்தால் என்ன செலுத்த வேண்டும் என்பதைப் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

இங்கே பெற்றோர் கவனிக்கத் தவறும் ஒரு கணக்கு இருக்கிறது. உதவித்தொகை என்பது சம்பளம் அல்ல. அதற்கு மத்திய சேமநிதி கட்டாயமில்லை. 2024ஆம் ஆண்டுப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு ஆய்வின்படி, முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்தோரின் இடைநிலைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி. அதில் ஊழியரின் பங்கு 20 விழுக்காடு, முதலாளியின் பங்கு 17 விழுக்காடு என மாதம் 1,665 வெள்ளி சேமநிதியில் சேரும். சம்பள உயர்வே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் நான்கு ஆண்டில் ஏறத்தாழ 80,000 வெள்ளி. ஆய்வு மாணவரின் கணக்கில் அந்த நான்கு ஆண்டுக்கு அந்தத் தொகை இருக்காது. திருமணம், வீவக வீடு என்று திட்டமிடும் வயதில் இது சிறிய தொகையல்ல. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. முன்கூட்டியே தெரிந்தால் குடும்பம் ஏற்பாடு செய்துகொள்ளும் என்பதற்காகவே.

நான்கு ஆண்டில் என்னதான் செய்கிறார்கள்?

முதல் ஆண்டில் சில பாடங்கள், பாதுகாப்புப் பயிற்சி, கருவிகளைக் கையாளப் பழகுதல். மின்னணு நுண்ணோக்கி போன்ற விலையுயர்ந்த கருவிகளைத் தனியாக இயக்க அனுமதி பெறுவதற்கே பயிற்சியும் தேர்வும் உண்டு. பலரும் பயன்படுத்தும் கருவி என்பதால் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். பகலில் இடம் கிடைக்காதவர் இரவு பத்து மணிக்கு மேல் உட்காருவார்.

ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வு வரும். அதுவரை செய்த வேலையையும் இனிச் செய்யப்போவதையும் பேராசிரியர்கள் முன் விளக்கி, குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதில் தேறாதவர் முனைவர் பட்டத்தைத் தொடர முடியாது. முதுகலைப் பட்டத்தோடு வெளியேற நேரலாம். அதன் பிறகு ஆய்வுக் கட்டுரைகள், மாநாடுகள், இறுதியில் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும்.

இடையில் நடப்பது வெளியே தெரியாது. சூளையில் வைத்த மாதிரி வெடித்துப் போகும். மூன்று மாதம் செய்த மின்கலம் பத்தாவது மின்னேற்றத்தில் செத்துவிடும். அனுப்பிய கட்டுரை திரும்பி வரும். பள்ளியில் எப்போதும் முதல் மாணவராக இருந்த பிள்ளைக்குத் தொடர்ந்து தோற்பது புதிய அனுபவம். வீட்டில் அப்போது “நாங்கதான் அப்பவே சொன்னோமே” என்ற சொல் வந்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது.

இத்தகைய உழைப்பிலிருந்து என்ன வரும் என்பதற்கு ஒரு சான்று சிங்கப்பூரிலேயே இருக்கிறார். கான்ஸ்டன்டின் நோவசெலவ், முனைவர் பட்ட மாணவராகத் தம் நெறியாளர் ஆந்த்ரே கெய்முடன் மான்செஸ்டர் நகருக்குச் சென்றவர். பென்சிலில் உள்ள கிராஃபைட்டிலிருந்து ஒட்டும் நாடாவைக் கொண்டு ஒற்றை அணு அளவே தடிப்புள்ள ஏட்டைப் பிரித்தெடுத்து, அவர்கள் 2004ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். அதுதான் கிராஃபீன். அதே ஆண்டில்தான் நோவசெலவ் முனைவர் பட்டமும் பெற்றார். 2010ஆம் ஆண்டில் இருவருக்கும் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 36. 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அங்கே அறிவார்ந்த பொருள்களுக்கென 2021ஆம் ஆண்டில் அமைந்த ஆய்வுக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். எல்லாருக்கும் நோபெல் கிடைக்காது. ஆனால் உலகம் கவனிக்கும் வேலையை ஒரு மாணவரின் கையே செய்யக்கூடும் என்பது உண்மை.

பட்டம் வாங்கிய பிறகுதான் சோதனை

முனைவர் பட்டம் கிடைத்ததும் கவலை தீர்ந்தது என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. உண்மையில் கடினமான கட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒரு சிங்கப்பூர் இளையரின் வயதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தொடக்கக் கல்லூரி, தேசிய சேவை, நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு எல்லாம் முடியும்போது ஏறத்தாழ 25. முனைவர் பட்டம் முடியும்போது 29. அதன்பின் பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்கழகத்திலோ பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் பணி. இது பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையிலான ஒப்பந்தம். பேராசிரியரின் ஆய்வு மானியம் தீர்ந்தால் ஒப்பந்தமும் தீரும். அப்படி ஒன்றிரண்டு ஒப்பந்தம் முடியும்போது வயது 32, 33. வெளிநாட்டவராக இருந்தால் வேலை அனுமதி அட்டையும் அந்த ஒப்பந்தத்தோடு கட்டுண்டது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த சுப்ரா சுரேஷ் பொருளறிவியலாளர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977இல் இளநிலைப் பட்டம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1981இல் முனைவர் பட்டம், பிறகு பெர்க்லியில் இரண்டு ஆண்டு பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு, 1983இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் துணைப் பேராசிரியர் என்று சென்றது அவருடைய பாதை. முனைவர் பட்டத்துக்கும் நிலையான வேலைக்கும் இடையே அவருக்கு இரண்டே ஆண்டுகள். இன்று உலகெங்கும் முனைவர்கள் பெருகிவிட்டார்கள், பேராசிரியர் இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. எனவே எல்லாரும் பேராசிரியராகிவிடலாம் என்று நம்பிச் சேர்வது சரியல்ல.

அதற்காக வழியில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். இளம் ஆய்வாளர் சொந்தக் குழு அமைக்க உதவும் திட்டங்கள் உண்டு. 2006ஆம் ஆண்டில் அமைந்த தேசிய ஆய்வு அறநிறுவனம், எந்நாட்டவரும் போட்டியிடக்கூடிய ஆய்வாளர் விருது ஒன்றை வழங்குகிறது. தேர்வு பெறுபவர் ஐந்தாண்டுக்கு மானியம் பெற்றுச் சிங்கப்பூரில் தம் விருப்பத் தலைப்பில் ஆய்வு நடத்தலாம். போட்டி மிகக் கடுமை. இரு பெரும் பல்கலைக்கழகங்களும் இளம் பேராசிரியர்களுக்கும் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கும் தனித்திட்டங்கள் வைத்திருக்கின்றன.

பொருளறிவியல் படித்தவருக்கு இருக்கும் பெரிய வசதி, பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் வேலை இருப்பதுதான். சில்லு உற்பத்தி, விமானப் பராமரிப்பு, மருத்துவக் கருவிகள், மின்கலம், நீர் சுத்திகரிப்பு என எல்லாவற்றிலும் இவர்கள் தேவைப்படுகிறார்கள். பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் தொழில்துறைப் பட்டமேற்படிப்புத் திட்டத்தில் உள்ளூர் மாணவர், நிறுவனம் ஒன்றில் இருந்துகொண்டே முனைவர் பட்ட ஆய்வைச் செய்ய முடியும். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2013ஆம் ஆண்டில் தொடங்கியது போன்ற கூட்டு ஆய்வகங்களும் இத்தகைய வாசலைத் திறந்தன. பேராசிரியர் பணி ஒன்றே இலக்கு என்று இல்லாதவருக்கு இந்த வழி ஏற்றது.

மலேசியாவிலும் ஐரோப்பாவிலும்

மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிய ஐந்தும் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டவை. நம்மவர் நிறைய வாழும் நிபோங் திபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில், பொருள்கள், கனிம வளப் பொறியியலுக்கெனத் தனிப் பள்ளியே இருக்கிறது. அங்கெல்லாம் பேராசிரியரின் மானியத்திலிருந்து ஆய்வு உதவியாளர் தொகை பெற்றுப் படிப்பவர்கள் உண்டு. மானியம் எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டுச் சேர்வது நல்லது. 2024ஆம் ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியச் சில்லுத் தொழில் வியூகம், 60,000 பொறியாளர்களை உருவாக்குவதை இலக்காகக் கொண்டது. பினாங்கு, கூலிம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி.

ஐரோப்பாவில் மரி கியூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் முனைவர் பட்டக் கட்டமைப்புகளில் எந்நாட்டவரும் சேரலாம். வயது வரம்பு இல்லை. அங்கே சேர்பவர் மாணவர் மட்டுமல்ல, வேலை ஒப்பந்தம் பெற்ற ஊழியர். சமூகக் காப்புறுதியும் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. சேரும் நாட்டில், முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்குவது நம் வழக்கம். ஆய்வுப் படிப்பில் பெயரைவிட நெறியாளரும் ஆய்வுக்கூடமும் முக்கியம். நான்கு ஆண்டும் பிள்ளை வாழப்போவது அந்த ஆய்வுக்கூடத்தில்தான். எனவே விண்ணப்பிக்கும் முன், அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் பணிவாகக் கேட்டறிய வேண்டியவை:

1. இந்த நெறியாளரிடம் சேர்ந்தவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? உபகாரச் சம்பளம் நான்கு ஆண்டில் நின்றுவிடும். பட்டத்துக்கான காலவரம்போ ஐந்தாண்டு வரை நீளும். இடையில் வரும் மாதங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

2. முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பெயர்ப் பட்டியலே சொல்லிவிடும்.

3. ஆய்வுத் திட்டத்தின் மானியம் எந்த ஆண்டு வரை இருக்கிறது?

4. தேவையான கருவி அங்கேயே இருக்கிறதா, வேறோர் இடத்தில் காத்திருக்க வேண்டுமா?

5. நெறியாளர் வாரத்துக்கு எத்தனை முறை மாணவரைச் சந்திக்கிறார்? கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்?

இவற்றுக்கு விடை சொல்லத் தயங்கும் இடத்தில் சேருவதற்குத் தயங்குவதில் தவறில்லை.

இன்னொரு நல்ல வழி, முதலில் ருசி பார்ப்பது. பட்டப்படிப்பின்போதே பல்கலைக்கழகங்களின் இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டங்களில் சேரலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஏ*ஸ்டார் ஆய்வுக்கூடங்களில் சில மாதம் பயிற்சி பெறும் விருதும் இருக்கிறது. பட்டம் பெற்ற பின் ஓராண்டு ஆய்வு உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். அதில் சேமநிதியும் உண்டு, அனுபவமும் உண்டு. விண்ணப்பத்துக்குத் தேவையான பரிந்துரைக் கடிதத்தை மனமுவந்து எழுதித்தர ஒரு பேராசிரியரும் கிடைப்பார். அந்த ஓராண்டில் “இது எனக்கு ஒத்துவராது” என்று தெரிந்தால், அதுவும் இலாபமே. நான்கு ஆண்டு வீணாவதைவிட ஓராண்டில் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

பணம் கட்டினால் கட்டுரையை உடனே வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் போலி ஆய்விதழ்களிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நல்ல இதழ்களிலும் கட்டணம் கேட்பவை உண்டு. ஆனால் கட்டுரையைச் சரிபார்க்காமலே ஏற்கும் இதழில் வந்த கட்டுரை, வேலை தேடும்போது கறையாகிவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெற்றோர் பொருளறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று காரியம் செய்தால் போதும். ஒன்று, சேமநிதி, வீடு, திருமணம் பற்றிய கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. இரண்டு, பெண்பிள்ளை ஆய்வுக்குச் சேர்ந்தால், “முதலில் கல்யாணம், பிறகு படிப்பு” என்று நடுவில் நிறுத்தச் சொல்லாமல், மணமகன் வீட்டாரிடம் அவளது ஆண்டுக் கணக்கை முன்பே பேசிவிடுவது. மூன்று, “எப்ப முடியும்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “இன்னிக்கு என்னம்மா செஞ்ச?” என்று கேட்பது.

இப்படியொரு வீட்டில், அடுத்த தீபாவளிக்கு மாமா அதே கேள்வியைக் கேட்டால், பதில் பிள்ளையிடமிருந்தே வரும். “வேலைக்குத்தான் மாமா போய்க்கிட்டிருக்கேன். மின்கலம் சீக்கிரம் கெட்டுப்போகாம இருக்க வழி தேடுற வேலை. அடுத்த வருஷம் ஆகஸ்டுல உதவித்தொகை முடியுது. அதுக்கப்புறம் எங்க போகணும்னு இப்பவே ரெண்டு கம்பெனியில பேசிக்கிட்டிருக்கேன்.” இப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.